ரால்ஃப் ஏன் படுக்கையறையிலிருந்து வந்தார்?

எங்கடின் என்ற பனிமலைப் பள்ளத்தாக்கில், ரயில் நிலையத்துக்கு மேலே சரிவில் நிற்கும் ஒரு பழைய ஹோட்டலின் குசினியில் உருத்திரமூர்த்தியை எல்லாரும் "ரூடி" என்றுதான் கூப்பிட்டார்கள். முழுப் பெயரையும் சொல்லப் பழக்கலாம் என்று முதல் குளிர்காலத்தில் கொஞ்சம் முயன்று பார்த்தார். தலைமைச் சமையற்காரர் "உருத்" வரை வந்து மூச்சு வாங்கியதைக் கண்டதும் பாவமாகப் போய்விட்டது. அதன் பிறகு வந்த குளிர்காலங்கள் எல்லாவற்றிலும் அவர் ரூடிதான்.

சூப்பும் சோஸும் அவருடைய பொறுப்பு. பனிச்சறுக்குக் காலம் முழுவதும் மேலே இருப்பார். கோடையில் மலையேறுகிறவர்கள் வரும்போது மறுபடியும் போவார். இடையில் ஹோட்டல் பூட்டிக் கிடக்கும் வாரங்களில்தான் மலைக்குக் கீழே ஊஸ்டர் நகரில் வீடு. அங்கே மனைவி கலாவதி ஒரு பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்தாள். மகள் லக்சாயினி அங்கேயே பிறந்து, படித்து, ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளராக இருந்தாள்.

உருத்திரமூர்த்தி அதிகம் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. இருபத்தைந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து மற்றவர்கள்தான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த வழியால் வந்தாய், ஏன் வந்தாய், திரும்பிப் போனால் என்ன நடக்கும்? ஒரே கேள்வியை மூன்று அதிகாரிகள் மூன்று விதமாகக் கேட்பார்கள். கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லுவது, தான் ஒன்றும் கேட்காமல் இருப்பது என்று ஒரு பழக்கம் அவருக்கு அங்கேயே படிந்துவிட்டது. விசாவெல்லாம் கிடைத்து, குடியுரிமையோடு சிவப்புக் கடவுச்சீட்டும் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் கதை இப்படித்தான் இருக்கும்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம். நீர்?"

"ஓம். அங்க குளிரோ?"

"குளிர்தான்."

பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு வைப்பார்கள். சண்டை ஒன்றும் இல்லை. கதைக்க எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

மதியச் சாப்பாடு முடிந்து இராச் சாப்பாட்டு வேலை தொடங்கும் வரைக்கும் குசினி ஆட்களுக்கு ஓய்வு உண்டு. அதற்கு அங்கே "சிம்மர்ஸ்டுண்ட" என்று பெயர். இளம் ஆட்கள் பனிச்சறுக்குக்குப் போய்விடுவார்கள். உருத்திரமூர்த்தி வேலையாட்கள் தங்கும் கட்டடத்தில் தன் அறைக்குப் போய், காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் தமிழ்த் தொடர் பார்ப்பார். அந்தத் தொடரில் ஒரு கல்யாணம் தை மாதம் தொடங்கி மாசி நடுவிலும் முடியாமல் இழுபட்டதில் அவருக்கு வெறுத்துப் போய்விட்டது. ஓய்வு நேரத்துக்குள் தொடங்கி ஓய்வு நேரத்துக்குள் முடிகிற கதை ஏதும் இருக்காதா என்று தேடியபோதுதான் அது அகப்பட்டது.

பழைய தொலைக்காட்சி நாடகம், கறுப்பு வெள்ளைப் படம். மழைக்குள் நின்று பார்ப்பதுபோல மங்கல். தொடக்கத்தில் ஒரு மணிக்கூடு டிக் டிக் என்று அடித்தது. ஒரு மனிதர் வந்து ஆங்கிலத்தில், இப்போது நியூயோர்க்கிலிருந்து நேரடியாக உங்களுக்கு ஒரு திகில் கதை என்று சொன்னார். வாரம் ஒரு கதை, ஒவ்வொரு கதைக்கும் புது ஆட்கள். அரை மணித்தியாலத்துக்குள் ஒரு கொலை, ஒரு விசாரணை, ஒரு முடிவு. நடுவில் அதே மனிதர் விளம்பரத்துக்கு வந்து கார் டயர் விற்றார்.

"நேரடியாக" என்ற சொல் உருத்திரமூர்த்திக்கு விளங்கவில்லை. கிரிக்கெட் ஆட்டத்தை நேரடியாகக் காட்டலாம். கதையை எப்படிக் காட்டுவது? அன்று மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். அவராக எடுத்ததே லக்சாயினிக்குப் பயமாகிவிட்டது.

"என்னப்பா, சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். ஒண்டு கேக்க எடுத்தனான். அந்தக் காலத்து டீவியில நாடகத்தை லைவா காட்டினவங்கள் எண்டால், என்ன மாதிரி?"

லக்சாயினி தேடிப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

"அப்பா, உண்மையாத்தான். எடுத்து வெட்டி ஒட்டுறேல்லையாம். ஸ்டூடியோவில நடிக்க நடிக்க அப்பிடியே ஆக்களின்ர வீட்டுக்குப் போயிருக்கு. நிப்பாட்ட ஏலாது. பிழைச்சால் பிழைச்சதுதான்."

"தும்மினால்?"

"தும்மல் அப்பிடியே போகும்."

"அப்ப இண்டைக்கு நான் எப்பிடிப் பாக்கிறன்?"

"டீவித் திரைக்கு முன்னால ஒரு ஃபிலிம் கமரா வைச்சு அதைப் படம் பிடிச்சிருக்கினம். அதுதான் மங்கலா இருக்கு."

உருத்திரமூர்த்தி அந்தப் படத்தைத் திரும்பவும் போட்டார். எப்போதோ ஒரு நாள் ஓர் அரை மணித்தியாலம், ஒரு கட்டடத்துக்குள் கொஞ்சப் பேர் ஒருவரும் பிழைவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்த ஓட்டத்தைத்தான் அவர் இங்கே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்க்கிறார். அதன் பிறகு அவர் கதையை மட்டும் பார்க்கவில்லை. சுவரில் விழும் ஒலிவாங்கியின் நிழலைப் பார்த்தார். சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறவரின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தார். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போன பெண்ணுக்கு அங்கே மூச்சு வாங்கினால், அவள் கமராவுக்குப் பின்னால் ஓடி வந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துச் சிரித்தார்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தபோதுதான் "ஐந்தாம் மாடி" என்ற கதை வந்தது.

கதை சின்னது. எட்கர் என்று ஒரு கணவன், மார்த்தா என்று மனைவி. ஐந்தாம் மாடியில் ஒரு வீடு, வெளியே பனி கொட்டுகிறது. மனைவி தன் கோப்பியில் நஞ்சு கலக்கிறாள் என்று எட்கருக்குச் சந்தேகம். கோப்பையின் அடியில் இருந்த தூளைச் சுரண்டி எடுத்து, தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் சிநேகிதன் ரால்ஃபிடம் சோதிக்கக் கொடுத்திருக்கிறான். அன்று ரால்ஃப் மேலே வந்து முடிவைச் சொல்ல வேண்டும். அதற்குள் எட்கர் பொறுக்கமாட்டாமல் மார்த்தாவின் கோப்பையில் தானே நஞ்சைப் போட்டுவிடுகிறான். இருவரும் மேசையில் முகத்துக்கு முகம் இருக்கிறார்கள்.

அந்த இடத்தில் எட்கர் வாயைத் திறந்தான். மூடினான். ஒரு சொல்லும் வரவில்லை.

கொஞ்சநஞ்ச நேரம் இல்லை. மணிக்கூட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. மார்த்தா எழும்பி, ஏற்கெனவே நிறைந்திருந்த அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினாள். "நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள்" என்றாள். "நானா?" என்றான் எட்கர். "நீங்கள்தான்" என்றாள். அப்போது எட்கர் ஒரு நாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். சின்ன வயதில் தன்னிடம் ஒரு நாய் இருந்தது, அது ஆற்றைக் கடந்து பக்கத்து ஊருக்குப் போய் அங்கேயும் சாப்பிட்டுவிட்டு வரும், இரண்டு ஊரிலும் அதற்கு இரண்டு பெயர் என்று. கதைக்கும் நாய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை. கடைசி வரை அந்த நாய் திரும்ப வரவேயில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது எட்கரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

நாய்க் கதை முடிகிற நேரம் படுக்கையறைக் கதவு திறந்து ரால்ஃப் வெளியே வந்தார். ஓவர்கோட் போட்டபடி. "நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்" என்றார். நீ தந்த தூள் வெறும் சீனி என்றார். எட்கர் இடிந்துபோய், அவள் கோப்பையைக் காட்டிவிட்டு மேசையில் தலையை வைத்தான். மார்த்தா அழுதபடி தன் கோப்பியை எடுத்துப் பூஞ்சாடிக்குள் ஊற்றினாள். டயர் விற்கிறவர் வந்தார். முடிந்தது.

உருத்திரமூர்த்தி உடனே திரும்பப் போட்டார். அந்த நடிகர் வசனத்தை மறந்துவிட்டாரா, அல்லது மறந்தவர்போல நடித்தாரா? எத்தனை முறை பார்த்தும் பிடிபடவில்லை.

அடுத்த நாள் மதிய வேலை முடிந்ததும் சட்டி கழுவுகிற நூனோவைக் கூப்பிட்டுக் காட்டினார். நூனோ போர்த்துக்கல்காரன், நாற்பது வயது. இருவரும் கதைத்தது ஜெர்மனும் இத்தாலியனும் கலந்த குசினி மொழி. நூனோ கையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தான். பார்த்துவிட்டு, எட்கர் மறந்தானா இல்லையா என்பதில் அவனுக்கு அக்கறையே இல்லை.

"ரூடி, அந்த ரால்ஃப் எங்கேயிருந்து வந்தான்?"

"படுக்கையறையிலிருந்து."

"யாருடைய படுக்கையறை?"

உருத்திரமூர்த்தி படத்தைப் பின்னுக்கு ஓட்டினார். நூனோ விடவில்லை.

"கணவன் மேசையில். மனைவி மேசையில். மற்றவன் படுக்கையறையில்! எத்தனை மணிக்கு அதற்குள் போனான்? யார் உள்ளே விட்டது? கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடத் தயாராக இருந்திருக்கிறான். அவன் அவளுடைய ஆள். சீனி என்று சொன்னதும் பொய். அது நஞ்சுதான். பாவம் எட்கர், அவன் நினைத்தது முழுக்கச் சரி!"

கதை அப்படியே குப்புறப் புரண்டது. நல்லவளாக இருந்த மார்த்தா கொலைகாரியாகிவிட்டாள். பைத்தியமாக இருந்த எட்கர் தப்பமுடியாத ஓர் அப்பாவியாகிவிட்டான். உருத்திரமூர்த்தி இல்லை என்றார். கடைசியில் அவள் கோப்பியை ஊற்றும்போது அழுகிறாளே என்றார். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றான் நூனோ. மாலை வேலையின்போது உருளைக்கிழங்கு வெட்டுகிற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். தலைமைச் சமையற்காரர் எரிச்சலோடு வந்து என்ன சண்டை என்று கேட்டார். அடுத்த நாள் அவரும் கைத்தொலைபேசியைக் கேட்டு வாங்கினார்.

அந்த வாரம் உருத்திரமூர்த்தி வீட்டுக்கு எடுத்தபோது, சாப்பிட்டீர்களா என்ற கேள்வி முடிந்ததும் வழக்கமான மௌனம் வந்தது. அவர் சொன்னார்:

"கலா, உமக்கு ஒரு கதை சொல்லட்டோ?"

கலாவதி "என்ன கதை?" என்று மெல்லக் கேட்டாள்.

கலாவதிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் தொடக்கத்திலிருந்து சொன்னார். சோஸ் கலக்குகிற மனிதருக்குக் கதை சொல்ல வரும் என்று அவருக்கே தெரியாது. பனி, மேசை, இரண்டு கோப்பை, சந்தேகம். கலாவதி "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள். எட்கர் வாய் மூடி இருந்த இடத்தில் "பேந்து?" என்று அவசரப்படுத்தினாள். நாய்க் கதை வந்தபோது நிறுத்தினாள்.

"அந்த நாய்க்கு என்ன ரெண்டு பேர்?"

"பேர் சொல்லேல்லை."

"சொல்லாமல் விட்டவரோ? அதென்ன கதை!"

அடுத்த நாள் அவளே எடுத்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது யோசித்தாளாம்: மனைவி அவனுடைய நிறைந்த கோப்பையில் மேலும் ஊற்றினாள் என்றால், நஞ்சு போட்டவளாக இருந்தால் அப்படித்தானே செய்வாள்? நூனோவின் கட்சியில் அவள் சேர்ந்துவிட்டதைக் கேட்டு அவருக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர்கள் அன்று வாக்குவாதப்பட்டார்கள். கல்யாணமான காலத்திலிருந்து காசுக்காக, ஆட்களுக்காக, மகளின் படிப்புக்காக வாக்குவாதப்பட்டிருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காகப் பட்டது இதுதான் முதல் தடவை.

பனி உருகி, ஹோட்டல் பூட்டியதும் உருத்திரமூர்த்தி மலை ரயிலில் இறங்கி ஊஸ்டருக்கு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் லக்சாயினி கைத்தொலைபேசிப் படத்தைப் பெரிய தொலைக்காட்சியில் விழுத்தித் தந்தாள். மூன்று பேரும் இருந்தார்கள். கலாவதி மடிக்க வேண்டிய உடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

பெரிய திரையில் எல்லாம் வேறாகத் தெரிந்தது. எட்கரின் நெற்றியில் வியர்வை தெரிந்தது. அந்த இடம் வந்தது. எட்கர் வாயைத் திறந்தான், மூடினான். உருத்திரமூர்த்தி மகளின் கையைத் தட்டினார்.

"இந்தா, இதுதான். முகத்தை வடிவாப் பார். மறந்திட்டாரோ, நடிக்கிறாரோ?"

லக்சாயினி எட்கரின் முகத்தைப் பார்த்தாள். உருத்திரமூர்த்தியும் அதையே பார்த்தார். கலாவதி மட்டும், வசனம் விளங்காதபடியால், முகங்களில் நிற்காமல் அறை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கலண்டர் ஏன் ஆடுது?" என்றாள்.

"எந்தக் கலண்டர்?"

"பின்னால சுவரில. வாசல் கதவுக்குப் பக்கத்தில. ஆடுது பாருங்கோ."

"காத்துக்கு ஆடும்."

"அறைக்குள்ள எங்கால காத்து? யன்னல் பூட்டிக்கிடக்கு, பனி எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

லக்சாயினி பின்னுக்கு ஓட்டிப் போட்டாள். இந்த முறை மூவரும் முகங்களை விட்டுவிட்டுப் பின்சுவரைப் பார்த்தார்கள். கலண்டர் ஆடியது. சுவரே நடுங்கியது; அது சுவரல்ல, வண்ணம் பூசிய துணித் தட்டி. ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த வாசல் கதவின் பிடி இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது. கதவு ஒரு முறை குலுங்கியது. திறபடவில்லை.

"ஆரோ கதவைத் திறக்கப் பாக்கினம்!" என்று கத்தினாள் லக்சாயினி.

உருத்திரமூர்த்தி எழும்பியே விட்டார்.

"ரால்ஃப்! ரால்ஃப் அதால வர இருந்தவர். கதவு இறுகிப் போச்சு!"

எட்கர் ஒன்றையும் மறக்கவில்லை. அவர் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, கதவு திறக்கும் என்று காத்திருந்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. வீடுகளில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நிறுத்த வழியில்லை. மார்த்தாவாக நடித்தவள் கோப்பியை ஊற்றி நேரம் எடுத்தாள். நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள் என்று அவரைத் தள்ளிவிட்டாள். அவர் தெரிந்த ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் ரால்ஃபாக நடித்தவர் வாசலை விட்டுவிட்டு, தட்டிக்குப் பின்னால் இருட்டில் ஓடி, வேறு வழி தேடிப் படுக்கையறைக்குள்ளால் வந்து நின்றிருக்கிறார்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றாள் கலாவதி. படுக்கையறை வாசலில் ரால்ஃப் உறைந்து நின்றார். "தோளைப் பாருங்கோ. வெள்ளையா என்ன கிடக்கு?"

பனி. அல்லது பனி என்று அவர்கள் தூவிய ஏதோ தூள். வெளியே பனிக்குள்ளால் வந்தவர் என்று காட்டத் தோளிலும் தொப்பியிலும் போட்டுவிட்டிருக்கிறார்கள். பனி படிந்த தோளோடு ஒருவர் படுக்கையறையிலிருந்து வருகிறார். கைத்தொலைபேசித் திரையில் இது எவருடைய கண்ணிலும் படவில்லை.

மூவரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். உடுப்புகள் நிலத்தில் கிடந்தன. "நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்" என்ற வசனத்தை அந்த நடிகர் ஓடிவரும்போதே யோசித்திருப்பார் என்றார் உருத்திரமூர்த்தி. "எட்கரின்ர முகத்தைப் பாருங்கோ, ரால்ஃபைக் கண்டோடன எவ்வளவு நிம்மதி!" என்றாள் லக்சாயினி. அந்த நிம்மதியைத்தான் இவ்வளவு நாளும் பயம் என்று அவர் நினைத்திருந்தார்.

"அப்ப மார்த்தா நல்லவள்" என்றாள் கலாவதி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் அவளைப் பற்றி என்னவெல்லாம் சொல்லிப்போட்டன்" என்றாள்.

உருத்திரமூர்த்தி நூனோவுக்கு உடனேயே தொலைபேசி எடுத்தார். நூனோ போர்த்துக்கலில் தன் தாய் வீட்டில் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கதவு இறுகினது சரி. குசினி வாசலும் இருந்ததுதானே? அவன் ஏன் படுக்கையறையைத் தேர்ந்தெடுத்தான்?" என்று கேட்டான். அவனைத் திருத்த முடியாது.

அடுத்த நாள் காலை உருத்திரமூர்த்தி கோப்பி போட்டுக்கொண்டிருந்தார். கலாவதி வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். மேலங்கியைப் போட்டவளிடம் அவர் திரும்பாமலே கேட்டார்:

"கலா, நான் மேல போகாமல் இஞ்சயே ஒரு வேலை எடுத்தால் உமக்கு எப்பிடி இருக்கும்?"

அவர் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதேயில்லை. போகவேண்டும் என்று போனார். வரவேண்டும் என்று வந்தார். கலாவதி பொத்தான் பூட்டிய கையை நிறுத்தினாள். சந்தோஷம் என்று உடனே சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார்.

"தெரியேல்லை" என்றாள். "உண்மையைச் சொல்லட்டோ? எனக்குத் தனிய இருந்து பழகிப் போச்சு. நீங்கள் வந்து நிக்கிற கிழமையள் எனக்கு ஆரோ விருந்தாள் நிக்கிற மாதிரி. என்ன சமைக்கிறது, எப்ப லைற்றை நூத்திட்டுப் படுக்கிறது எண்டு எல்லாம் யோசிக்க வேணும்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டவர் அவர்தான்.

"அப்ப வேண்டாமோ?"

"வேண்டாம் எண்டு சொன்னனானோ? தெரியேல்லை எண்டுதான் சொன்னனான். நீங்கள் தொலைபேசியில கதை சொன்ன மாதிரி வீட்டிலயும் கதைப்பியள் எண்டால், வாருங்கோ. சும்மா ஒரு மூலையில இருக்கிறதுக்கு எண்டால் மலையிலயே இருங்கோ."

சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். அவர் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடைக்கு மட்டும் மேலே போனார். இலையுதிர் காலத்தில் ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் இடம் கிடைத்தது. ஹோட்டலில் தலைமைச் சமையற்காரர் வழியனுப்பும்போது ஒரு காகிதத்தைப் பார்த்து, "உருத்திரமூர்த்தி" என்று ஒரே மூச்சில் வாசித்தார். குசினி கை தட்டியது.

முதல் மாதங்கள் சுகமாக இருக்கவில்லை. முதியோர் இல்லத்தில் சூப்பில் உப்புப் போடக்கூடாது. வீட்டில் எந்தக் கரண்டி எந்த இழுப்பறையில் என்று தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் அவர் கேட்கப் பழகிக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, எந்தப் பிள்ளை சாப்பிட மறுத்தது, நீர் ஏன் அந்தப் பஸ்ஸில் போகிறீர் என்று கேட்டார். சிலநேரம் கலாவதிக்கே அலுத்துப்போய், "என்னப்பா, இமிகிரேசனில கேட்டமாதிரி!" என்றாள். சொன்ன பிறகு இருவரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய திகில் கதை. அவர் வசனத்தைத் தமிழில் சொல்லுவார், அவள் சுவரையும் கதவையும் பார்ப்பாள்.

ஒரு மாசி மாதம் பஸ் தரிப்பிடத்தில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கிராமத்து நாடகக் குழு மண்டபத்தில் ஒரு துப்பறியும் நாடகம் போடுகிறது, பிற்பகல் காட்சியும் உண்டு. விளம்பரத்துக்கு முன்னால் கலாவதி நின்றுவிட்டாள்.

"இதுவும் லைவ்தானே?" என்றாள்.

போனார்கள். மண்டபத்தில் தமிழர் என்று அவர்கள் இருவர்தான். பேச்சு முழுக்கக் கிராமத்து ஜெர்மன், பாதி விளங்கவில்லை. ஒரு விவசாயி காணாமல் போகிறார், அவருடைய தொப்பி மட்டும் திரும்பி வருகிறது. கலாவதியின் கண் மேடையின் விளிம்பில் இருந்த ஒரு சின்னப் பெட்டியிலேயே நின்றது. அதற்குள் ஒரு பெண் குந்தியிருந்து, கையில் கடதாசிக் கட்டோடு, நடிகர்கள் தடுமாறும்போது மெல்லச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவ எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறா, மறந்ததோ, சும்மா நிப்பாட்டினதோ எண்டு?" என்று கலாவதி காதுக்குள் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?"

திரை விழுந்ததும் எல்லாரும் கேக் வாங்க வரிசையில் நின்றார்கள். உருத்திரமூர்த்தி திரும்பிப் பார்த்தபோது கலாவதியைக் காணவில்லை. அவள் மேடையடியில் நின்றாள். கடையிலும் வேலையிலும் தேவைக்கு மேல் ஒரு சொல் ஜெர்மன் பேசாதவள், அந்தப் பெட்டிக்காரியிடம், தனக்குத் தெரிந்த சொற்களை அடுக்கி அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் பெயர் பாஹோஃபன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, "கண்ணைப் பார்ப்பேன். மறந்தவன் என்னைப் பார்ப்பான், மறக்காதவன் பார்க்கமாட்டான்" என்றார். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், இதை எவரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். பேச்சு வளர்ந்தது. கேக் முடிந்துவிட்டது.

அடுத்த வருடம் நாடகக் குழுவுக்குப் பின்மேடையில் ஒரு ஆள் தேவைப்பட்டது. மேசை போட, பாத்திரங்களை எடுத்து வைக்க, திரைக்குப் பின்னால் நடக்கிறதைப் பார்த்துக்கொள்ள. பாஹோஃபன் கலாவதியைக் கேட்டார். கலாவதி மூன்று நாள் யோசித்துவிட்டு ஓம் என்றாள். குளிர்காலம் முழுவதும் ஒத்திகைக்குப் போய் வந்தாள். அந்த மாலைகளில் வீட்டில் தனிய இருந்து சமைத்தது உருத்திரமூர்த்திதான்.

முதல் காட்சி ஒரு ஞாயிறு பிற்பகல். அவர் லக்சாயினியோடு மூன்றாம் வரிசையில் இருந்தார். நாடகத்தில் ஒரு பொலிஸ்காரன் துவக்கை நீட்டினான், ஒரு விதவை மூன்று பேருக்கு விஸ்கி ஊற்றினாள். அது கலாவதி போட்டு ஆறவைத்த தேத்தண்ணி என்று அவருக்குத் தெரியும். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆட்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள். கடைசியில் நடிகர்கள் பின்னாலிருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள்; கலாவதி கறுப்புச் சட்டையோடு ஓரத்தில் நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கும்பிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் உருத்திரமூர்த்தி சொன்னார்:

"ஒரு பிழையும் இல்லாமல் முடிஞ்சுது."

கலாவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"நீங்கள் ஒண்டும் காணேல்லையோ?"

"இல்லையே. என்ன?"

"பொலிஸ்காரன்ர காற்சட்டை பின்னால கிழிஞ்சு போச்சு. அதுதான் அவர் கடைசி வரை கதிரையில இருக்கவேயில்லை. விதவையின்ர ஒரு காதுத் தோடு தேத்தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. பேந்து துவக்கு..."

"துவக்கு?"

"பொறுங்கோ, முதலில இருந்து சொல்லுறன்" என்று கலாவதி அவர் பக்கம் திரும்பி வசதியாக இருந்துகொண்டாள்.

பஸ் ஏரிக்கரையால் திரும்பியது. முன் இருக்கையில் லக்சாயினியும் காதுக்குள் இருந்த பாட்டை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பினாள்.